பாய்மரப் படகில் லாவ் தீவுகளுக்குப் போய் இறங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

நங்கூரம் போட்டதும் வந்து சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு. ஃபிஜியின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் லாவ் தீவுகளில், ஊர்ப் பெரியவர் முன்னால் ஒரு கட்டு யங்கோனா வேரை வைத்து, அவர் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் நீங்கள் வந்ததாகவே கணக்கு. அதுவரை நீங்கள் அடுத்தவர் வீட்டு முற்றத்தில் கேட்காமல் வண்டியை நிறுத்தியிருக்கும் ஆள்.

மூன்று சீசன் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறேன், முதலாவது அடுத்தவர் படகில் கூலியில்லா வேலையாளாக. அங்கே நான் பார்த்த சிக்கல்களில் பாதி, வேலைகளைச் செய்யும் வரிசை மாறியதால் வந்தவை. அதனால் கீழே இருப்பதை அந்த வரிசையிலேயே செய்யுங்கள். கடலோடத் தெரிந்தவர்களுக்கான குறிப்பு இது, பாய் ஏற்றுவது எப்படி என்றெல்லாம் இதில் இல்லை.

1. முதலில் துறைமுகம், அப்புறம்தான் தீவு

டோங்காவிலிருந்து மேற்கே வரும் படகுகள் லாவ் தீவுகளுக்கு நடுவாகவே வந்தாக வேண்டும். இரண்டு மூன்று ராத்திரி தூங்காமல் வந்த உடம்புக்கு, பக்கத்தில் அமைதியான ஒரு குடாவைப் பார்த்ததும் அங்கேயே ஒதுங்கிவிடலாம் என்று தோன்றும். கூடாது. சுங்கமும் குடியேற்றமும் முடிக்காமல் எந்தத் தீவிலும் நிற்பது சட்டப்படி குற்றம். கடந்துபோய் சவுசவு, சுவா, லெவுகா, லௌதோகா மாதிரி ஏதாவது ஒரு நுழைவுத் துறைமுகத்தில் பதிவை முடித்துவிட்டு, வந்த வழியே திரும்பி வர வேண்டும். எரிச்சலான விஷயம்தான், ஆனால் குறுக்கு வழி கிடையாது.

லாவ் போகிறவர்களுக்கு சவுசவுதான் வசதி, அங்கிருந்து தூரம் குறைவு. வருவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னாடி வருகை அறிவிப்புப் படிவத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்க வேண்டும். கடைசித் துறைமுகத்தில் இணையம் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள். நடுக்கடலில் போய் நினைவு வந்து பயனில்லை.

துறைமுகத்தில் மஞ்சள் கொடியோடு காத்திருங்கள், அதிகாரிகள் படகுக்கு வரும்வரை யாரும் கரையேறக் கூடாது. தேன், பழம், காய், இறைச்சி எல்லாம் உயிரியல் பாதுகாப்புத் துறையினர் எடுத்துக்கொள்வார்கள். அதனால் வரும் வழியிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள்.

நுழைவுப் பதிவு முடிந்ததோடு வேலை முடியவில்லை, பலர் கோட்டை விடுவது இங்கேதான். தீவுகளைச் சுற்றிவர இதௌகேய் (பூர்வகுடி ஃபிஜியர்) விவகார அமைச்சகத்தின் அனுமதிக் கடிதம் தனி, ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் படகை நகர்த்த சுங்கத்தின் கடலோர அனுமதி தனி. இரண்டையும் வாங்கி, கடிதத்தை நாலைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களே காட்டுவது மரியாதை, அந்த நிலமும், கடலில் மீன்பிடிக்கும் உரிமையும் பரம்பரையாக அவர்களுடையவை.

2. சந்தைக்குப் போங்கள்

யங்கோனா என்பது வெளியுலகம் காவா என்று அழைக்கும் செடி. நம் மிளகும் வெற்றிலையும் எந்தப் பேரினமோ அதே பேரினம்தான் இதுவும். வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். ஊருக்குள் நுழைய அனுமதி கேட்டு இதை வைக்கும் சடங்குக்குப் பெயர் செவுசெவு. தாம்பூலத் தட்டு வைத்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

வாங்க வேண்டியது இடிக்காத முழு வேர், ஒரு கட்டு அரைக் கிலோ அளவில். பொடியாக வாங்கிவிட்டு அசடு வழிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பொடி சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து குடிக்க, சடங்குக்கு வேர்தான். கடையில் இரண்டு வகை சொல்வார்கள், வாகா என்றால் வேர், லெவேனா என்றால் அடித்தண்டு. வாகா கேளுங்கள், விலை கூடுதல்தான். செய்தித்தாளில் சுற்றி நாடா கட்டித் தருவார்கள், அந்தக் கட்டைப் பிரிக்காதீர்கள்.

எத்தனை கட்டு? போகும் ஊர் ஒன்றுக்கு ஒன்று, மேலே இரண்டு மூன்று. காற்று மாறித் திட்டமிடாத தீவில் ஒதுங்க வேண்டி வரும், அங்கேயும் ஒரு ஊர் இருக்கும். தீவில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். லாவ் தீவுகளில் பல சுண்ணாம்புக் கல் தீவுகள், மண் குறைவு, யங்கோனா அங்கே சரியாக வளராது. அதனாலேயே நீங்கள் கொண்டுபோகும் கட்டுக்கு அங்கே மதிப்பு அதிகம். நன்கு காய்ந்த கட்டாகப் பார்த்து வாங்கி, படகில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள், பூஞ்சை பிடித்த வேரைப் பெரியவர் முன்னால் வைக்க முடியாது.

கூடவே வாங்க வேண்டியவை: மாவு, சர்க்கரை, அரிசி, தேயிலை, பால் பவுடர், தூண்டில் முள், நரம்பு, வாசிப்புக் கண்ணாடி, பள்ளிக்கூட நோட்டு, பென்சில். சரக்குக் கப்பல் என்றைக்கு வரும் என்பது அங்கே யாருக்கும் உறுதியில்லை, அதனால் சாதாரண மளிகைச் சாமான்தான் நல்ல அன்பளிப்பு. மதுபானம் வேண்டாம். பணத்தைச் சின்ன நோட்டுகளாக எடுத்துப் போங்கள். சில ஊர்களில் படகு நிறுத்த ஒரு கட்டணம் உண்டு, ஏடிஎம் கிடையாது.

சுலு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும். நம் கைலி மாதிரிதான். கைலி கட்டத் தெரிந்தவர்கள் இந்த ஒரு இடத்தில் மற்ற படகுக்காரர்களைவிட அழகாகத் தெரிவோம்.

3. காற்றுக்குக் காத்திருங்கள்

சவுசவுவிலிருந்து வடக்கு லாவின் பெரிய தீவான வனுவா ம்பலாவு கிழக்கே சற்றுத் தெற்காக, சுமார் 100 கடல் மைல். மே முதல் அக்டோபர் வரை வீசும் தென்கிழக்கு வணிகக் காற்று கிட்டத்தட்ட அதே திசையிலிருந்து முகத்தில் அடிக்கும். காற்றை எதிர்த்துக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் 100 மைல் 150 ஆகும், ஆட்களும் சாமானும் நொந்துபோய்ச் சேர்வீர்கள்.

தெற்கே ஒரு தாழ்வழுத்தப் பட்டை கடக்கும்போது இந்த வணிகக் காற்று தளர்ந்து, ஒரு நாளோ இரண்டு நாளோ வடக்குப் பக்கம் திரும்பும். அதுதான் உங்கள் வாய்ப்பு. துறைமுகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து முன்னறிவிப்பைப் பார்ப்பது வீண் என்று தோன்றலாம், வீணில்லை. எல்லாச் சாமானும் ஏற்றி முடித்தபின் காத்திருங்கள், காற்று திரும்பிய பிறகு சந்தைக்கு ஓடாதீர்கள். வடக்குக் காற்று முடிந்து மறுபடி தெற்கிலிருந்து பலமாக வீசத் தொடங்கும்முன் நங்கூரம் விழுந்திருக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். அப்போது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

4. சேரும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

புறப்படும் நேரத்தை வைத்துச் சேரும் நேரத்தைக் கணக்குப் போடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். இங்கே தலைகீழாகப் போடுங்கள். பவளப் பாருக்கு (தண்ணீருக்குள் இருக்கும் பவளப் பாறைத் திட்டு) நடுவே நுழையக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்கு வெயில் உயரத்தில், உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வனுவா ம்பலாவுவை மேற்கிலிருந்து அணுகினால் கிழக்கு நோக்கி நுழைவீர்கள். காலை 8 மணிக்கு வந்தால் சூரியன் நேர் கண்ணில், தண்ணீர் முழுக்கத் தகடு மாதிரி மின்னும், கீழே இருக்கும் பாறை ஒன்றும் தெரியாது. பகல் 12-லிருந்து 2:30 வரை சரியான நேரம். ஜூன், ஜூலையில் மாலை 5:30 வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதால் அதற்கு மேல் தள்ளிப்போடவும் முடியாது.

சராசரி 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடும் படகு 100 மைலைக் கடக்க 20 மணி நேரம். பகல் 12-க்குச் சேர வேண்டுமென்றால் முதல் நாள் மாலை 4-க்குக் கிளம்ப வேண்டும். நான் 2 மணிக்கே கிளம்பிவிடுவேன். சீக்கிரம் வந்துவிட்டால் வெளியே ஆழமான இடத்தில் பாயைக் குறைத்து மிதந்துகொண்டிருக்கலாம், தாமதமானால் இரவு முழுக்க வெளியே அலைய வேண்டும்.

வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்தப் பகுதியின் பல வரைபடங்கள் பழைய அளவீடு, படகு தரைமேல் ஓடுவதாகத் திரையில் காட்டிய இடமெல்லாம் உண்டு. இணையம் இருக்கும்போதே செயற்கைக்கோள் படங்களை இறக்கி, ஓபன்சிபிஎன் மாதிரி மென்பொருளில் வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். பாரின் விளிம்பு படத்தில் அச்சாகத் தெரியும்.

இன்னொரு பொறி தீர்க்கரேகை. 180 டிகிரி கோடு ஃபிஜிக்கு ஊடாகப் போகிறது. சவுசவு அதற்கு இந்தப் பக்கம், கிழக்குத் தீர்க்கரேகை. லாவ் அந்தப் பக்கம், மேற்கு. வனுவா ம்பலாவுவுக்கு 178 டிகிரி 57 நிமிடம் மேற்கு என்று போட வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் கிழக்கு என்று தட்டினால், உங்கள் புள்ளி சுமார் 120 மைல் தள்ளி கோரோ கடலில் போய் விழும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும் என்று நினைப்பீர்கள். ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் படாது, எனக்குப் படவில்லை. எல்லாப் புள்ளிகளையும் துறைமுகத்திலேயே போட்டு, இன்னொருவரை வைத்துச் சரிபாருங்கள்.

5. பார் திறப்பு

தீவைச் சுற்றியுள்ள பாரில் இருக்கும் திறப்பைப் பாஸ் என்பார்கள். உள்ளே லகூன் என்கிற கடலேரி, வெளியே பெருங்கடல். தெற்கு லாவின் ஃபுலாங்காவில் இந்தத் திறப்பு ஒடுக்கமானது, நீரோட்டமும் பலம். ஓத (கடல் ஏற்ற வற்று) அட்டவணையைப் பார்த்து, வற்று நின்று ஏற்றம் தொடங்கும் நிமிடத்தில் தண்ணீர் அசையாமல் இருக்கும் என்று போனால் ஏமாறுவீர்கள். காற்றுப் பக்கம் இருக்கும் பாருக்கு மேலாக அலை லகூனுக்குள் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, அது வெளியேற வழி இந்தத் திறப்புதான். அதனால் கடல் ஏறத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளிருந்து வெளியே ஓடும், வெளியே அலை பெரிதாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று தொலைநோக்கியில் பாருங்கள். திறப்பில் அலை நட்டுக்குத்தாக எழுந்து உடைகிறதா? அப்படியென்றால் ஓட்டம் வெளியே, காற்று உள்ளே, இரண்டும் மோதுகின்றன. பொறுங்கள். தண்ணீர் படிந்த பிறகு பாயை இறக்கி, இயந்திரத்தில், ஓட்டத்தைவிட வேகமாகப் போகும் சக்தி கையில் இருக்க நுழையுங்கள். பாதியில் பயந்து திரும்ப நினைப்பதுதான் ஆபத்து, அங்கே திரும்ப இடமில்லை.

ஒரு ஆள் அணியத்தில் (படகின் முன்முனையில்) நிற்கட்டும், உயரமான இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. போலராய்டு கண்ணாடி கட்டாயம். கருநீலம் ஆழம், வெளிர்ப் பச்சை மணல் தரை, பழுப்பும் மஞ்சளும் தெரிந்தால் பவளம் மேலாக இருக்கிறது. மேகம் நிழல் போட்டால் எல்லா நிறமும் ஒன்றாகிவிடும், அப்போது நிறுத்திவிட்டு மேகம் நகரட்டும் என்று இருங்கள். கூவிச் சொல்வதைவிடக் கை ஜாடை நல்லது, முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தம்பதிகள் சண்டை போட்டுக்கொண்டே லகூனுக்குள் வந்து சேர்ந்தார்கள் என்று எழுத ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

நுழையும் தடத்தைத் திரையில் பதிவு செய்து வைக்க மறக்காதீர்கள். திரும்பிப் போகும்போது அதுதான் வழி.

6. நங்கூரம்

மணல் திட்டில் போடுங்கள், பவளத்தின் மேல் வேண்டாம். பவளம் உடையும், உங்கள் நங்கூரமும் அதில் சிக்கி எடுக்க வராது. ஊர்க்காரர்கள் மீன் பிடிக்கும் இடமும் அதுதான். பல இடங்களில் 15, 20 மீட்டர் ஆழத்தில் போட வேண்டி வரும், 60 மீட்டராவது சங்கிலி இல்லாமல் அந்தப் பக்கம் வராதீர்கள்.

மணல் திட்டைச் சுற்றி பவளத் தூண்கள் நிற்கும். காற்று சுழன்றால் சங்கிலி அவற்றைச் சுற்றிக்கொள்ளும். இதற்கு, தண்ணீரின் ஆழத்தைவிடக் கூடுதலான நீளம் சங்கிலியை இறக்கிவிட்டு, மீதிச் சங்கிலியில் சில மீட்டருக்கு ஒன்றாக மிதவைகளைக் கட்டுங்கள். சங்கிலி தரையில் புரளாமல் தண்ணீர் நடுவே தொங்கும்.

நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கத் தண்ணீரில் குதிக்கத் தோன்றும். படகிலிருந்து பின்னோக்கி இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளியலும் தூண்டிலும் செவுசெவு முடிந்த பிறகு.

7. பேர் சொல்லும் விதம்

சின்ன விஷயம், ஆனால் கரையேறும் முன் தெரிந்திருக்க வேண்டும். ஃபிஜி மொழியை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் ஒலி வேறு. பி என்ற எழுத்து 'ம்ப', டி 'ந்த', ஜி 'ங்', க்யூ 'ங்க', சி ஆங்கிலத்தில் 'தட்' (that) என்பதன் முதல் ஒலி. நாடி என்று எழுதியிருக்கும் விமான நிலைய ஊர் உண்மையில் நந்தி. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பமே இல்லை, நம் எழுத்தில் மெல்லினத்துக்கு அடுத்து வல்லினம் வந்தால் தானாகவே அப்படித்தான் ஒலிக்கும்.

ஒரே தீவின் பெயர் இரண்டு வரைபடங்களில் இரண்டு விதமாக இருப்பதும் இதனால்தான்.

8. கரையேறுவது

நங்கூரம் பிடித்ததும் அன்றைக்கே போங்கள், கப்பலில் ஓய்வெடுத்துவிட்டு நாளைக்கு என்று தள்ளாதீர்கள். பொழுது சாய்ந்துவிட்டால் மட்டும் விடிந்தபின். வந்த நாள் ஞாயிறாக இருந்தால் படகிலேயே இருங்கள், திங்கள் காலை போகலாம்.

உடை: இரண்டு பேருக்கும் தோள் மூடிய மேல்சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும் சுலு. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் ஊருக்குள் வேண்டாம், அது தலைவருக்கு அவமரியாதை. பையைத் தோளில் மாட்டாமல் கையில் பிடியுங்கள். என் முதல் தடவை, தொப்பியோடு முதுகுப்பையும் மாட்டிக்கொண்டு நேராக ஊர் நடுப்புல்வெளி வழியாக நடந்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பாட்டி மட்டும் வந்து என் தொப்பியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

டிங்கியில் (கரைக்குப் போகும் சின்னப் படகு) போகும்போது ஓதத்தைப் பாருங்கள். வற்றிய பிறகு கரைப்பக்கம் முழுக்கப் பார் தெரியும், திரும்பி வரும்போது டிங்கியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஃபுலாங்காவில் லகூன் பக்கம் இறங்கி, காட்டுப் பாதையில் மறுபக்கம் நடந்தால்தான் முக்கிய ஊர், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

முதலில் எதிர்ப்படும் ஆளிடம் 'புலா' என்று வணக்கம் சொல்லிவிட்டு, 'துராங்கா நி கோரோ' எங்கே என்று கேளுங்கள். அவர் ஊர் நிர்வாகி. பரம்பரைத் தலைவர் வேறு, நிர்வாகி வேறு, நிர்வாகிதான் உங்களைத் தலைவரிடம் கூட்டிப் போவார். நீங்களே தலைவர் வீட்டைத் தேடிப் போகாதீர்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். உள்ளே பாயில் சம்மணம் போட்டு உட்காருங்கள், கால் நீட்ட வேண்டாம். உட்கார்ந்திருப்பவர்களைக் கடக்க நேர்ந்தால் குனிந்து, 'துலோ' என்று சொல்லிக்கொண்டே போங்கள். யங்கோனாக் கட்டைக் கையில் கொடுக்காமல் தலைவர் முன்னால் பாயில் வையுங்கள், ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது, கையில் திணித்தால் அந்த உரிமை போய்விடுகிறது. பிறகு நிர்வாகி உங்கள் சார்பில் பேசுவார், கைதட்டல் நடக்கும், தலைவர் கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டு ஆசி மாதிரி கொஞ்சம் சொல்வார். புரியாவிட்டாலும் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள், புகைப்படம் எடுக்காதீர்கள். அப்புறம் எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை நாள் என்று சகஜமான கேள்விகள் வரும். அனுமதிக் கடிதத்தை அப்போது காட்டுங்கள்.

சில இடங்களில் அங்கேயே கரைத்துக் குடிப்பார்கள், சில இடங்களில் வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. குடிக்கச் சொன்னால்: தானோவா என்ற மரப் பாத்திரத்திலிருந்து பிலோ என்ற தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு தருவார்கள். குழிந்த உள்ளங்கையால் ஒரு தட்டு, 'புலா' என்று சொல்லி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சிரட்டையைத் திருப்பிக் கொடுத்து மூன்று தட்டு. சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கு மரக்கும், பயப்பட வேண்டாம். நிறைய வேண்டாமென்றால் சிரித்துக்கொண்டே 'லோ டைட்' (கடல் வற்று) என்று சொல்லுங்கள், பாதிதான் ஊற்றுவார்கள். ராத்திரி டிங்கி ஓட்ட வேண்டியவர் இரண்டு சிரட்டையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

9. அதற்குப் பிறகு

இப்போது நீங்கள் ஊர் விருந்தாளி. ஃபுலாங்காவில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு குடும்பத்தைப் பொறுப்பாக ஒதுக்குவார்கள். கொண்டுவந்த மளிகையை அந்தக் குடும்பத்திடம் கொடுங்கள், வழியில் பார்க்கும் குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய் வீசாதீர்கள். பள்ளிக்கூடச் சாமான் ஆசிரியரிடம்.

மீன்பிடி உரிமை ஊருக்குரியது, அந்தக் கடல் எல்லைக்கு ங்கோலிங்கோலி என்று பெயர். செவுசெவு முடிந்தாலும் வலை, ஈட்டி, டிரோன் எதற்கும் தனியாகக் கேளுங்கள். பார் மீனில் சிகுவாட்டெரா நச்சு இருக்கலாம், சமைத்தாலும் போகாது. எந்த மீனை எந்த இடத்தில் பிடித்துத் தின்னலாம் என்று ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு தேவாலய நாள். நீச்சல், மீன்பிடி, இயந்திர வேலை, துணி துவைப்பது எதுவும் அன்றைக்கு இல்லை. தேவாலயத்துக்குப் போனால் சந்தோஷப்படுவார்கள், மெத்தடிஸ்ட் ஊர்களில் பாட்டுக்காகவே போகலாம்.

குடிதண்ணீர் கேட்காதீர்கள், பல தீவுகளில் மழைத் தண்ணீர்தான். குப்பையையும் கரையில் இறக்காதீர்கள், அதைக் கொட்ட அவர்களுக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் திரும்பத் துறைமுகத்துக்கே கொண்டு வாருங்கள். குழந்தைகள் மடியில் வந்து உட்காருவார்கள், ஆனால் தலையைத் தடவாதீர்கள். நமக்கு அது தானாக வரும் பழக்கம், நான் இரண்டாவது சீசன் வரை மறந்துகொண்டே இருந்தேன்.

10. கிளம்பும்போது

சொல்லாமல் விடியற்காலையில் நங்கூரம் எடுப்பது படகுக்காரர்களின் கெட்ட பழக்கம். வந்ததற்குச் செவுசெவு மாதிரி, போவதற்கு 'இதாதௌ' என்று விடைபெறும் முறை உண்டு. ஒரு சின்னக் கட்டு யங்கோனாவை இதற்கென்று மிச்சம் வைத்திருங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய சாயங்காலம் போய் நிர்வாகி மூலம் வையுங்கள். நாளைக் காலை கிளம்புகிறோம் என்று சொன்னால் காலையில் வந்து ஏதாவது கொடுப்பார்கள், பப்பாளி, தேங்காய், ஓலையில் நெய்த விசிறி. அதை வாங்கிக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள்.

அப்புறம் மறுபடி சூரியன் கணக்குதான். மேற்கு நோக்கி வெளியேறுவதாக இருந்தால் இந்தத் தடவை காலைதான் நல்லது, 9-லிருந்து 11-க்குள். பதிவு செய்த பழைய தடத்தைத் திரையில் போட்டு, அணியத்தில் ஆளை நிறுத்தி, திறப்பில் அலை உடைகிறதா என்று உள்ளிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த ஊருக்கான கட்டு கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் வழியில் எங்கும் நிற்காமல் நேராகத் துறைமுகத்துக்கு.